பதினோராயிரம் முற்றுப்புள்ளிகள்

என் தங்கையின் கல்யாணப் படங்களில் ஒன்றே ஒன்றில்தான் நான் இருக்கிறேன். அதிலும் மண்டபத்தின் பின்பக்க அறையில், புதுத்துணி கசங்கத் தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியை முறைத்துக்கொண்டு. நான் வேலை பார்க்கும் நூலகத்தின் இணையதள முகப்பு எதுவுமே தெரியாமல் வெள்ளையாகிவிட்டது என்று, அங்கே அறிவிப்புகளைக் கவனிக்கும் எங்கள் 'அறிவிப்பு அக்கா' போன் செய்திருந்தார், சரியாக மணமக்கள் மேடை ஏறும் நேரத்துக்கு.

தங்கை அதை மறக்கிற ரகம் இல்லை. இப்போது அவளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது.

"பத்து நாள் வந்து என்கூட இரு அக்கா. ஆனா ஒண்ணு. போன் வந்துச்சுன்னு பாதியில எழுந்து போனே, அப்படியே போயிடு, திரும்பி வராதே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்தால் விளையாட்டில்லை என்று அர்த்தம். பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது நான் ஒருத்திதான்.

எங்கள் பொது நூலகத்துக்கு இருபத்திரண்டு கிளைகள். இருபத்திரண்டுக்கும் ஒரே இணையதளம், அதைக் கட்டி மேய்க்க ஒரே ஆள், நான். கிளைக்காரர்கள் அறிவிப்பு எழுதி ஏற்றுகிற மென்பொருளுக்குப் பதினான்கு வயது. வந்தவர் போனவர் எல்லாம் ஆளுக்கொரு ப்ளகினை, கூடுதல் வசதிக்கான ஒட்டு நிரலை, அதன் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. முகப்பில் படத்தை நகர்த்துவதற்கு மட்டும் மூன்று. மூன்றும் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கிடந்தன. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்ட இந்த மாதிரி ஒட்டுகளை எங்கள் தொழிலில் கடன் என்போம். அது ஏறிப்போய்க் கழுத்து வரை நின்றது.

தங்கையிடம் போவதற்குள் அதை அடைத்துவிட வேண்டும் என்று தலைமை நூலகரிடம் போனேன்.

"ஆறு வாரம் புதுசா எதுவும் கேட்காதீங்க சார். இருக்கறதை மட்டும் சுத்தம் பண்றேன்."

"முகப்புல இலை விழற மாதிரி ஒண்ணு கேட்டிருந்தேனேம்மா?"

"இப்ப அதைச் சேர்த்தா இலையோட சேர்ந்து சைட்டும் விழுந்துடும் சார்."

சரி என்று தலையாட்டினார்.

தளத்தைத் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு ப்ளகினைப் பிடுங்கினேன். எது உடைகிறது என்று நகலில் பார்த்து, சரிசெய்து, பிறகு நிஜத்தில் கை வைத்தேன். ஐந்தாவது வாரம் முடியும்போது நாற்பத்தொன்று பதினான்காகிவிட்டது. திறப்பதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம் என்றிருந்த பக்கம் சட்டென்று வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் குஷியில் பழைய குப்பைப் பக்கங்களையும் கழித்துவிடலாம் என்று இறங்கினேன். 'சோதனை 3' என்று ஒரு பக்கம். உள்ளே முற்றுப்புள்ளிகள் மட்டும், வரிவரியாக, பதினோராயிரத்துக்கும் மேல். எவரோ விசைப்பலகையில் தலைவைத்துத் தூங்கியிருக்கிறார் என்று முணுமுணுத்தபடி அழித்தேன்.

மறுநாள் காலை கிழக்குக் கிளையில் தரைக்கல் மாற்றும் வேலை. விடுமுறை என்று முந்தின மாலையே அறிவிப்பு எழுதி ஏற்றியிருந்தார்கள். ஆனால் முகப்பில் அது வரவே இல்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்பது பேர் புத்தகப் பையோடு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு கிளைகளின் அறிவிப்பும் ஒன்றுகூட வெளிவரவில்லை. அறிவிப்பு அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். எல்லாக் கிளைகளின் அறிவிப்புகளுக்கும் அவர்தான் பொறுப்பு.

"ஏம்மா, என் புள்ளிப் பக்கத்தைக் காணோமே?"

"என்ன புள்ளி?"

"அறிவிப்பு போட்டதும் 'சோதனை மூணு'ல போய் ஒரு புள்ளி வெச்சுச் சேமிக்கணும். அப்பத்தானே முகப்புல வரும்? எல்லாக் கிளையிலயும் அப்படித்தான் செய்றாங்க. புதுசா வர்றவங்களுக்கு நானே சொல்லிக் குடுப்பேன்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தை மீட்டு, ஒரு புள்ளி வைத்துச் சேமித்துப் பார்த்தேன். அத்தனை அறிவிப்புகளும் முகப்பில் வந்து விழுந்தன.

காரணம் புரிய அரைமணி ஆயிற்று. வேகத்துக்காகத் தளம் முகப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு அதையே காட்டும். புது அறிவிப்பு வந்தால் பழைய பிரதியைத் தூக்கிப் போட வேண்டும். அதற்கான நிரல் வரியை எழுதிய மேதாவி, முதலில் சோதனைப் பக்கங்களுக்கு மட்டும் இணைத்துப் பார்த்திருக்கிறான். அறிவிப்புகளுக்கு இணைக்க மறந்துவிட்டான். எனக்கு முன்னால் இருந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். மேதாவி நான்தான்.

அசடு வழியக் கீழே போய் அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். கூடவே, விடாமல், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றும் கேட்டேன்.

"சொன்னேனே, நீ வந்த புதுசுல. 'போட்டா வரலைம்மா'ன்னேன். 'நீங்க ஒழுங்கா அமுக்கியிருக்க மாட்டீங்க'ன்னு எரிஞ்சு விழுந்தே. அப்புறம் எதுக்கு வம்புன்னு நானே வழி கண்டுபிடிச்சுக்கிட்டேன். பக்கம் முழுசா வெள்ளையானா மட்டும்தான் உனக்கு போன் பண்றது."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. மழை வருகிறது, குடை எடுத்துக்கொள் என்பது போலச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பயமாகவும் இருந்தது, இன்னும் எத்தனை இப்படி ஒளிந்திருக்கின்றனவோ, எதில் எப்போது போன் வருமோ. ஊருக்குக் கிளம்ப எட்டு நாள்தான் பாக்கி.

அந்த வரியைத் திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வேற என்னல்லாம் செய்றீங்கன்னு சொல்லுங்க. நான் எரிஞ்சு விழ மாட்டேன்."

படத்தை இருமுறை ஏற்றி முதலாவதை நீக்க வேண்டுமாம். தலைப்பில் மேற்கோள்குறி போட்டால் தேதி காணாமல் போய்விடுமாம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முன் எதையும் தொடக்கூடாதாம். மேற்குக் கிளைக்காரர் பொத்தானை அமுக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவாராம்.

"அது எதுக்கு?"

"தெரியாது. ஆனா அவருக்கு வேலை செய்யுது."

மொத்தம் பத்தொன்பது. மூன்று தடவை நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் வாக்கு மாறவில்லை. கண்ணாடியைத் தவிர ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு நிஜமான பிழை இருந்தது. பதினெட்டையும் அந்த வாரத்திலேயே திருத்தினேன். கடைசியாக, முகப்பு வெள்ளையானால் முந்தைய நாள் நகலைத் திருப்பிக் கொண்டுவருகிற ஒரு பொத்தான் வைத்து, அதை அக்காவையே நாலு முறை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். மூக்கைச் சுளித்தபடி அமுக்கினார். பிறகு கேட்காமலே ஐந்தாவது முறையும் அமுக்கினார்.

நான் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் தங்கைக்குப் பெண் பிறந்தது. மாலையில் மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார். குழந்தை தொட்டிலில் தூங்க, நான் கட்டிலோரம் உட்கார்ந்து தங்கைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் அறிவிப்பு அக்காவின் பெயர். தங்கை என் கையிலிருந்து தலையை விலக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"எடு. எடுத்துப் பேசு."

எழுந்து போகவில்லை. அங்கேயே, அவள் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"சொல்லுங்க அக்கா. என்ன வரலை?"

"எல்லாம் வருதும்மா. நேத்து ஒருதடவை வெள்ளையாச்சு, நானே அமுக்கிச் சரிபண்ணிட்டேன். அதுக்கா கூப்பிட்டேன்? பொறந்துடுச்சா? என்ன குழந்தை? தங்கச்சி எப்படி இருக்கா?"

ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் இணையதளத்தைத் தவிர எதையும் கேட்டதில்லை. நான் கேட்க விட்டதும் இல்லை.

தங்கை மெதுவாகத் திரும்பினாள். "குடு இங்க" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நல்லா இருக்கேங்க. பொண்ணு. ஆமா, சுகப்பிரசவம்தான். ஏங்க, ஒண்ணு கேக்கணும், அங்கயும் இவ இப்படித்தான் வள்ளுனு விழுவாளா?"

அந்தப் பக்கம் அக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்துகிற வழியாகத் தெரியவில்லை. என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. நான் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.