பதுவாவில் போட்ட மாலை

"ஒண்ணு கேக்கணும், விஷா."

"இப்ப கேக்காத. பாதி மனசு இங்கயே நின்னுக்கும். ஆறு மாசத்துல வந்துருவேன், வந்ததும் கேளு."

"மறந்துட்டேன்னா?"

"ஃபார்மசிஸ்ட் மறந்தா ஊரு தாங்குமா? பத்திரமா வச்சிரு."

பிப்ரவரியில், ஆக்லாந்து விமான நிலையத்தில், விஷாலினியும் ஜஸ்வினும் பேசியது அவ்வளவுதான். கேள்வி என்னவென்று இருவருக்குமே தெரியும். இரண்டு குடும்பங்களும் ஒரே வருடம் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து, ஆக்லாந்தின் பிளாட் புஷ்ஷில் அடுத்தடுத்த தெருவில் வீடு வாங்கியவை. விஷாலினி வீட்டுத் தீபாவளி முறுக்கும் ஜஸ்வின் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கும் பன்னிரண்டு வருடமாகத் தெரு தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

கட்டடக்கலை படித்த விஷாலினி, மாணவர் பரிமாற்றத்தில் இத்தாலியின் பதுவாவுக்குப் போனாள். வளைவு மண்டபங்களுக்குக் கீழே மழை படாமல் வகுப்புக்கு நடந்தாள். காப்பியை நின்றபடியே குடிக்கப் பழகினாள். பேராசிரியருக்கு நேர் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வில், அரைகுறை இத்தாலிய மொழியிலேயே பேசித் தேறினாள். ஜூலைக் கடைசியில், போனதைவிட நிமிர்ந்து திரும்பி வந்தாள்.

விமான நிலையத்தில் அம்மா விக்னேஸ்வரி கட்டிக்கொண்டாள். ஆனால் அம்மாவின் பார்வை மகளின் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடியது.

"தனியாவா வந்த?"

"பின்ன?"

அப்பா லெட்சுமணன் பெட்டி வண்டியைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். ஜஸ்வின் வந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போனால், அவள் கட்டிலில் புத்தம் புதிய பட்டு ஜிப்பா ஒன்று விரித்து வைத்திருந்தது. அதற்குள் இரண்டு ஜஸ்வின் நுழையலாம்.

"யாருக்குப்பா இது?"

"மருமகனுக்கு." அப்பா தேநீர்க் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெள்ளக்காரன், ஒசரமா இருந்தான், போட்டோவுல பாத்தோம். மால மாத்திக்கிட்டீங்க, ஆயிருச்சு. இங்க கோவில்ல முறையா ஒரு தடவ செஞ்சிரலாம்னு அம்மா சொல்றா. எனக்கு வருத்தம் எல்லாம் இல்ல லா."

விஷாலினிக்கு அப்போதுதான் விளங்கியது. ஏப்ரலில் அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த லொரென்சோ பட்டம் வாங்கினான். பட்டம் பெற்றவர் தலையில் நண்பர்கள் இலைக் கிரீடம் சூட்டுவது அந்த ஊர் வழக்கம். அவள் சூட்டியபோது கிரீடம் வழுக்கி அவன் கழுத்தில் விழுந்தது. அவன் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி இவள் கழுத்தில் போட்டான். அந்த இரண்டு படங்களையும், ஒரு வார்த்தைகூட எழுதாமல், இரு குடும்பங்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டது அவள்தான்.

விஷயத்தைச் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். "போன்லயே கேட்டிருக்கலாமேம்மா."

"இதெல்லாம் போன்ல கேக்கற விஷயமா? நேர்ல வரட்டும்னு இருந்தோம். ரோஸ்மேரி மட்டும் குரூப்புல கும்பிடுற கை ஒண்ணு போட்டாங்க."

சிரிப்பு அங்கேயே நின்றது. ரோஸ்மேரி ஜஸ்வினின் அம்மா. அந்தக் குழுவில் ஜஸ்வினும் இருந்தான். ஏப்ரலுக்குப் பிறகு அவன் அனுப்பியதெல்லாம் 'சாப்பிட்டியா', 'உடம்பப் பாத்துக்க' என்ற இரண்டு வரிகள்தான். வேலை அதிகம் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

"அப்பா, ஒனிஹங்காவுக்குப் போகணும். இப்பவே."

ஒனிஹங்காவில்தான் ஜஸ்வின் வேலை செய்யும் மருந்துக் கடை. லெட்சுமணன் மகளின் முகத்தைப் பார்த்தார். கார் சாவியை எடுத்தார். பாதி வழியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஜிப்பாவுக்கு ரசீது இருக்கு. திருப்பிக் குடுத்துரலாம்."

"வேணாம்பா. சைஸ் மட்டும் மாத்திக்குங்க. மீடியம்."

அப்பா இரண்டு சிக்னல்களுக்கு விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

கடையில் ஒரு பாட்டியம்மாவுக்கு மாத்திரை விவரம் சொல்லிக்கொண்டிருந்தான் ஜஸ்வின். விஷாலினி வரிசையில் நின்றாள். முறை வந்தது.

"வா விஷா. நல்லாருக்கியா?" குரலைச் சரிசெய்துகொண்டான். "கங்கிராட்ஸ்."

"அது பே லீஃப், ஜஸ்வின். சூப்புல போடுற எல. டிகிரி வாங்குனவன் தலையில வைப்பாங்க. லொரென்சோவுக்குத் தல சின்னது, கழுத்துக்கு எறங்கிருச்சு. போட்டோ எடுத்ததே அவன் கேர்ள்பிரண்டுதான்."

அவன் கையிலிருந்த மருந்துப் பெட்டியை மெல்ல மேசையில் வைத்தான்.

"அப்ப கங்கிராட்ஸ திருப்பிக் குடு."

"குடுத்துட்டேன். மூணு மாசமா ஒரு வார்த்த கேக்கத் தோணல இல்ல ஒனக்கு?"

"வந்ததும் கேளுன்னு சொன்னது நீதான?"

"வந்துட்டேன். வெளிய அப்பா காருல இருக்காரு. பார்க்கிங் பத்து நிமிஷந்தான்."

கண்ணாடிக் கதவு வழியாக ஜஸ்வின் எட்டிப் பார்த்தான். லெட்சுமணன் சட்டென்று முகத்தைத் திருப்பி, மழை வருமா என்று பார்ப்பவர்போல வானத்தைப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.

ஜஸ்வின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெள்ளைக் கோட்டில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம அம்மாவ கூட்டிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வரேன், விஷா. ஒன்னப் பொண்ணு கேக்க. வரட்டுமா?"