நாலாவது கை

மூங்கில்பள்ளம் காட்டு முகாமுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள், வாசலுக்குள் நுழைந்தது முதல் வெளியே வருகிறவரை பிள்ளைகளின் கையை விடக்கூடாது. பிள்ளை யார் என்பதில் அந்தக் காட்டுக்குக் குழப்பம் ஏதும் இல்லை. பெற்றவர் உயிரோடு இருந்தால் அவர் பிள்ளை. முன்மண்டை வழுக்கையாகி, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவராக இருந்தாலும் பிள்ளைதான். கையை விட்டால் அந்தப் பிள்ளை காட்டுக்குப் போய்விடும். இதை வாசலில் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், குரங்குகளுக்குத் தின்பண்டம் தராதீர் என்பதற்கும் பிளாஸ்டிக் கொண்டுவராதீர் என்பதற்கும் நடுவில்.

நாச்சிமுத்து பலகையை இரண்டு தடவை படித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவரும் மனைவி மயிலாத்தாளும் மூன்று பிள்ளைகளும் ஞாயிறு மத்தியானம் வரை கூடாரத்தில் தங்குவதாக ஏற்பாடு. மூத்தவன் கிருபாகரனுக்கு முப்பத்தெட்டு, அடுத்தவள் பூங்கொடிக்கு முப்பத்து நாலு, கடைசி நவநீதனுக்கு இருபத்தொன்பது. மருமகனையும் மருமகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் கையைப் பிடிக்க அவர்களைப் பெற்றவர்கள் வர வேண்டும். பிறகு சம்பந்திகளுக்குத் தனிக் கூடாரம், தனி மரியாதை, அது வேறு வம்பு.

வாசல் காவலர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வலது கையால் பதிவேட்டில் எழுதினார். பக்கம் காற்றில் படபடத்தது. இடது கையால் அதை அமுக்கிக்கொள்ளாமல் முழங்கையை மேலே வைத்து எழுதினார்.

"பெத்தவங்க ரெண்டு பேரு. கை நாலு. பிள்ளைங்க மூணு. ஒரு கை சும்மா இருக்குதுங்க."

"இருந்துட்டுப் போகுதுங்க" என்றார் நாச்சிமுத்து.

"வேலை இல்லாதப்ப அதை ஜோப்புல வெச்சுக்குங்க. காட்டுக்கும் பிள்ளைங்க உண்டு."

மயிலாத்தாள் இரண்டு பையன்களையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். அதில் யாரும் யாரையும் கேட்கவில்லை, அந்த வீட்டில் பையன்கள் எப்போதும் அம்மா பக்கம். மிச்சம் நின்ற பூங்கொடி அப்பாவுக்கு நேராக வலது கையை நீட்டினாள், ஊசி போட யாரோ கேட்டது மாதிரி. அவள் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருக்கிறாள். நாச்சிமுத்து இடது கையால் அதைப் பிடித்தார். வலது கையை ஜோப்பில் விட்டுக்கொண்டார்.

மகளின் கையை அவர் கடைசியாகப் பிடித்தது அவளுடைய ஏழாவது வயதில். பள்ளிக்கூடத்துக்கு ரோட்டைத் தாண்டும்போது அவருடைய சுண்டு விரலை மட்டும் பிடித்துக்கொள்வாள். மற்ற நாலு விரலையும் சீண்ட மாட்டாள். ஒருநாள், "விடுங்கப்பா, பாக்கறாங்க" என்றாள். விட்டார். கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது ஒரு தடவை பிடித்தார். அது கொடுப்பதற்காகப் பிடித்தது, அதைச் சேர்க்க முடியாது.

முகாம்காரர்கள் விவரமானவர்கள். கழிப்பறைக் கதவுகளில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார்கள். தூங்கும்போது கைமேல் கை பட்டிருந்தால் போதும் என்று காடும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. துண்டால் கட்டிக்கொள்ளலாமே என்றான் நவநீதன். துண்டா உன்னைப் பெத்துது என்றாள் மயிலாத்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சமையல்தான் பார்க்க வேண்டிய காட்சி. நாற்பது வருஷமாகக் கரண்டியைக் கீழே வைக்காதவள், கையிரண்டும் போய் மகாராணி மாதிரி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். பையன்களுக்கு ஆளுக்கு ஒரு கை மிச்சம் இருந்தது. ஒருத்தன் வெங்காயத்தைப் பிடிக்க, இன்னொருத்தன் அரிந்தான். அரிசிம்பருப்புச் சோறு வெந்தது. மூத்தவன் ஊட்டிவிட, சின்னவன் வாயைத் துடைத்துவிட்டான்.

"உப்பு பத்தல தம்பி. இருந்தாலும் நல்லாத்தான் இருக்குது" என்றாள் மயிலாத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று வைத்துக்கொண்டார்கள்.

நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. பயம். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வணக்கம் சொன்னாலும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிடுவார். முப்பத்தொரு வருஷம் பால் சங்கத்தில் செகரட்டரியாக இருந்தவர். காலையிலும் சாயங்காலமும் பால் ஊற்ற வருகிற அத்தனை பேரும், "செகரட்டரி ஐயா, வணக்கமுங்க" என்பார்கள். அத்தனை பேருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பதில். சோற்றுக் கையாக இருந்தாலும் சேர்த்துவிடுவார். உங்கப்பன் மாட்டுக்கும் கும்பிடு போடுகிற ஆள் என்று மயிலாத்தாள் கேலி பேசுவாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். பங்குனியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதோடு வணக்கங்களெல்லாம் புது செகரட்டரிக்குப் போய்விட்டன. ஏழு மாசமாக அந்தக் கைகள் சேரவே இல்லை.

"அப்பா, யாராச்சும் வணக்கம் சொன்னா தலைய மட்டும் ஆட்டோணும். செரிங்களா?" என்றாள் பூங்கொடி.

"செரி கண்ணு."

"எங்க, ஆட்டிக் காட்டுங்க."

ஆட்டிக் காட்டினார்.

சனிக்கிழமை காலையில் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து, "வணக்கமுங்க" என்று ஒரு குரல் வந்தது. அங்கே ஆள் யாரும் இல்லை, மூங்கில்தான் இருந்தது. நாச்சிமுத்து தலையை மட்டும் ஆட்டினார். அவர் கைக்குள் மகளின் கை இறுகியது. மத்தியானம் ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து வந்தது. சாயங்காலம் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். ஒவ்வொரு தடவையும் ஜோப்புக்குள் இருந்த வலது கை தானாக எழுந்து, துணியில் முட்டி, திரும்பப் படுத்தது. நாய்க்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு திரிகிற மாதிரி இருந்தது அவருக்கு.

மற்றபடி அந்த ஒன்றரை நாளில் அவர் மகளின் கையைப் படித்தார். வேறு படிக்க என்ன இருக்கிறது? நடுவிரலின் ஓரத்தில் ஒரு காய்ப்பு. நுனிகள் ஸ்பிரிட் பட்டுப் பட்டுச் சொரசொரப்பாகக் காய்ந்திருந்தன. உள்ளங்கை மட்டும் ஓயாமல் வேர்த்தது. அவள் பிடித்திருந்ததும் ஆசையாக இல்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் விறைப்பாகப் பிடித்திருந்தாள். அரை மணிக்கு ஒரு தடவை, "கொஞ்சம் தளத்துங்கப்பா, வலிக்குது" என்றாள்.

"உங்க கை இப்படி மரக்கட்டையாட்டம் இருக்கும்னு தெரியாதுங்கப்பா" என்றாள் சாயங்காலம்.

"பால் கேன் தூக்குன கை கண்ணு" என்றார். இன்னும் என்னவோ சொல்ல நினைத்தார். சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்திருப்பார். அவர் வீட்டில் அப்படியெல்லாம் யாரும் சொல்வதில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடாரத்தைச் சுருட்டினார்கள். மயிலாத்தாள் பையன்களோடு முன்னால் போனாள். நாச்சிமுத்துவும் பூங்கொடியும் பின்னால் வந்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு அடர்ந்திருந்தது. வாசல் மேஜை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஐம்பது அடி இருந்தால் அதிகம்.

"செகரட்டரி ஐயா, வணக்கமுங்க" என்றது உண்ணிச்செடி. "நேத்துப் பால்ல கொழுப்புக் கொஞ்சம் கம்மியாப் போச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

ஏழு மாசம். நாச்சிமுத்துவின் மார்புக்கு நேராக இரண்டு கைகளும் சேர்ந்திருந்தன. அவை எப்போது கிளம்பின, எப்போது வந்து சேர்ந்தன என்று அவருக்குத் தெரியாது. "வணக்கமுங்க, வணக்கமுங்க. அதனால என்னங்க" என்று அவர் வாய் சொன்னது.

உடனே கைகளைப் பிரித்து, வலதை ஜோப்பில் விட்டு, இடது கையைப் பக்கத்தில் நீட்டினார். கை இருந்தது. பூங்கொடி இருந்தாள். அதே பச்சைச் சுடிதார், நெற்றியில் அதே சின்னப் பொட்டு. அவள் அவருடைய சுண்டு விரலைப் பிடித்தாள். மற்ற நாலு விரலையும் சீண்டவில்லை.

"போலாமுங்கப்பா" என்று சிரித்தாள்.

நாச்சிமுத்து நாலு அடி நடந்தார். இருபத்தேழு வருஷமாக எதிர்பார்த்த பிடி அது. அந்த நாலு அடியும் சுகமாக இருந்தன என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாவது அடியில் அந்த விரல்களில் வேர்வை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. நடுவிரலில் காய்ப்பும் இல்லை. வலிக்குது என்றும் அவள் சொல்லவில்லை. முந்தாநாள் என்றால் இது அவருக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கையையே மகளென்று வீட்டுக்குக் கூட்டிப் போய், மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதை நினைத்ததும் நின்றுவிட்டார்.

"என்னங்க, நின்னுட்டீங்க?" முன்னாலிருந்து மயிலாத்தாள் கத்தினாள். அவளால் கை காட்ட முடியவில்லை.

"ஒண்ணுமில்ல. சித்த நில்லு."

திரும்பி நடந்தார். சுண்டு விரலைப் பிடித்தவளும் மறுப்புச் சொல்லாமல் கூடவே வந்தாள். உண்ணிச்செடி பேசிய இடத்தில் நின்று, ஜோப்பிலிருந்து வலது கையை எடுத்து, முள்ளைப் பார்க்காமல் தோள்வரை உள்ளே விட்டார்.

உள்ளே கைகள் இருந்தன. முதலில் ஒன்று வந்து அவர் கையைப் பிடித்தது. ஈரமாக, தவளை மாதிரி இருந்தது. உதறினார். அடுத்தது மோதிரம் போட்ட ஆம்பளைக் கை. அடுத்தது ரொம்பச் சின்னது, நகம்கூட இன்னும் கெட்டிப்படவில்லை. ஒவ்வொன்றும் அவர் கையைத் தடவிப் பார்த்து, இது தன் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து, "நான் இல்ல சாமி, நான் இல்ல சாமி" என்று சொல்லிச் சொல்லி அவர் விடுவித்துக்கொண்டார். அழுதுகொண்டுதான் சொன்னார். அவற்றையும் யாரோ எதற்கோ ஒரு நிமிஷம் விட்டிருப்பார்கள்தானே.

கடைசியில் ஒரு கை பட்டது. அது அவரைப் பிடிக்கவே இல்லை. விறைப்பாக நின்றது. உள்ளங்கை வேர்த்திருந்தது. நடுவிரலின் ஓரத்தைத் தடவினார். காய்ப்பு.

இழுத்தார்.

"வலிக்குதுப்பா!" என்றபடி பூங்கொடி வெளியே வந்தாள். தலை நிறைய இலை. "எத்தன நேரமா நிக்கறேன். எங்க போனீங்க?"

"வணக்கம் சொல்லிட்டேன் கண்ணு."

"தெரியும்" என்றாள்.

அப்பாவின் இடது பக்கம் நின்றவளைப் பார்த்துவிட்டுத் தன் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். அவளும் சரிசெய்துகொண்டாள்.

நாச்சிமுத்து இடது சுண்டு விரலை மெதுவாக உருவிப் பார்த்தார். வரவில்லை. இறுக்கமும் இல்லை, வலியும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

"நீங்கதானுங்கப்பா கும்பிட்டீங்க" என்றாள் சுண்டு விரலைப் பிடித்திருந்தவள்.

இரண்டு பக்கமும் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மயிலாத்தாள் இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"கார்ல எடம் பத்துங்களா?" என்று கேட்டாள்.

"நான் பின்னாடி கூடாரத்து மேல உக்காந்துக்கறேன்" என்றான் நவநீதன்.

காவலர் பதிவேட்டைத் திறந்தார். பிள்ளைகள் மூன்று என்றிருந்ததை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினார். "கை நாலு, பிள்ளைங்க நாலு. இப்பத்தான் சரியா இருக்குது."

வாசலைத் தாண்டியதும் எல்லாரும் கைகளை விட்டார்கள். மயிலாத்தாள் இரண்டு மணிக்கட்டையும் நீவிவிட்டுக்கொண்டாள். பூங்கொடி வெடுக்கென்று கையை உருவி, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். நாச்சிமுத்துவின் வலது கை வெறுமையானது. இடது சுண்டு விரலை அவள் விடவில்லை.

அவளோடு அவர் மேஜைக்குத் திரும்பி வந்தார். "இதை எப்ப விடலாமுங்க?"

காவலர் யோசித்தார். "வளராதுங்க. ஆனா நல்லாச் சாப்பிடும். மழைக்காலத்துல மட்டும் கொஞ்சம் திரும்பித் திரும்பிப் பாக்கும்" என்றார். பிறகு வலது கையை மட்டும் நெஞ்சில் வைத்து, "போயிட்டு வாங்க. வணக்கமுங்க" என்றார். இடது கை மேஜைக்கு அடியிலேயே இருந்தது.

நாச்சிமுத்துவும் வலது கையை மட்டும் நெஞ்சில் வைத்தார். ஒற்றைக் கையால் அவர் வணக்கம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"யாருங்கப்பா அது?" என்று மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"செகரட்டரி ஐயா" என்றார் காவலர். "நம்மளாட்டத்தான்."

வெளியே கிருபாகரன் காரைக் கிளப்பியிருந்தான். பூங்கொடி பின் கதவைத் திறந்து, ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டு, நகர்ந்து உட்கார்ந்தாள்.