கில்வாரி வீட்டுக் கைதி

டொமினிக் கில்வாரிக்கு ஊரில் பெயர் வந்ததே தொப்பியைக் கழற்றாததால்தான். போன வருஷம் இங்கிலாந்து அரசரின் நீதிமன்றத்தில் அவரை நிறுத்தியபோது, தலையில் தொப்பியோடு, "இந்தக் கோர்ட்ட நான் ஏத்துக்கல" என்று ஒரே வரி சொன்னார். ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவரைப் பேண்டு வாத்தியத்தோடு அழைத்து வந்தார்கள். அவருடைய இரும்புக் கடையில் அதன்பிறகு ஆணி நன்றாக விற்றது.

அந்தக் கலையை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. கடையின் பின்கட்டில் வாலிபர்களுக்கு வகுப்பே எடுத்தார். எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, அந்த ஒரு வரிக்குப் பிறகு எப்படி வாயைத் திறக்காமல் இருப்பது என்று சகலமும் சொல்லிக்கொடுத்தார். முதல் மாணவன் ஃபெஸ்டஸ் லவெல். மாடு வளர்ப்பவன், பிடிவாதக்காரன். சொன்னதைக் கற்பூரமாய்ப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கோடையில், அரசரின் ஆட்சியை ஏற்காமல் தன்னைத் தானே அறிவித்துக்கொண்ட அயர்லாந்துக் குடியரசு ஊருக்கு ஊர் தன் சொந்த நீதிமன்றங்களைத் திறந்தது. இந்த வட்டாரத்துக்குக் கில்வாரிதான் நீதிபதி. மனிதர் உள்ளூரக் குளிர்ந்துபோனார். நம் வழக்கை நாமே தீர்ப்பது என்பதற்காகத்தானே சிறைக்கே போனார்?

முதல் வழக்கைக் கொண்டுவந்தவர் ஆர்ம்ஸ்பி அம்மாள். விதவை, வரவேற்பறையில் அரசரின் படத்தை மாட்டி வைத்திருப்பவர். ஃபெஸ்டஸ் அவருடைய கல்சுவரை இடித்துவிட்டுத் தன் காளைகளை அவர் புல்வெளியில் இறக்கிவிட்டான். நிலம் மக்களுடையது என்றான். மக்கள் என்றால் யார் என்று விசாரித்துப் பார்த்தால், ஃபெஸ்டஸ்தான். அம்மாள் முதலில் அரசரின் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதிகள் பயந்துகொண்டு ராஜினாமா செய்துவிட்டதால் அங்கே பூட்டுத் தொங்கியது. அதனால் இங்கே வந்தார்.

நடன மண்டபத்தில் நீதிமன்றம் கூடியது. ஃபெஸ்டஸ் தொப்பியோடு வந்து நின்றான். சுவரைப் பார்த்தான்.

"இந்தக் கோர்ட்ட நான் ஏத்துக்கல" என்றான்.

கூட்டம் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டது.

"ஃபெஸ்டஸ், இது நம்ம கோர்ட்டுய்யா" என்றார் கில்வாரி.

"கோர்ட்டு கோர்ட்டுதாண்ணே. எவன் கேட்டாலும் பதில் சொல்லாதேன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

அன்றைக்கு அந்த மண்டபத்தில் குடியரசை ஏற்றுக்கொண்டு மரியாதையாக நின்றது, அரசரின் படத்தை மாட்டியிருந்த அம்மாள் ஒருவர்தான்.

மாடுகளை வெளியேற்றிச் சுவரைக் கட்டு, இல்லையென்றால் சம்மதிக்கும்வரை காவலில் இரு என்று தீர்ப்பானது. ஃபெஸ்டஸ் காவலைத் தேர்ந்தெடுத்தான். இங்கேதான் சிக்கல். குடியரசுக்குக் கொடி இருந்தது, மந்திரிகள் இருந்தார்கள், சிறைதான் இல்லை. இருந்த சிறையெல்லாம் அரசருடையது. கடைசியில் கைதியை நீதிபதியின் தலையிலேயே கட்டினார்கள். கடைக்கு மேலே பரண் அறையில், மண்ணெண்ணெய் டின்களுக்கு நடுவில் அவனைப் போட்டுப் பூட்டினார்கள்.

மறுநாள் காலை கில்வாரியின் மனைவி டிலியா, கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுபோன மாதிரியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"ஏங்க, அவன் சாப்பிட மாட்டேங்குறான். அரசியல் கைதியாம். பேப்பர் வேணுமாம்."

அவன் ஒளித்துச் சாப்பிட்டு ஏமாற்றியிருந்தால்கூடக் கில்வாரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கீழே பன்றி இறைச்சி வதங்கும் வாசனை பரணுக்கு ஏறியும் அவன் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. இரண்டு நாளில் கடைவாசலில் பெண்கள் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். போன வருஷம் கில்வாரிக்காகச் சிறைவாசலில் ஜெபித்த அதே பெண்கள்தான். டிலியாவும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"நீயுமா?"

"உங்களுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கிறேன். உள்ளேயே உக்காந்திருந்தா ஊரு என்ன பேசும்?"

அன்று மத்தியானம் பின்வாசல் வழியாக அரசரின் போலீஸ் சார்ஜென்ட் ட்வோமி வந்தார். ஊரே அவரோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"கோச்சுக்காதீங்க கில்வாரி. விட்டுடுங்க அவன. பாட்டு மட்டும் கட்டிட்டாங்கன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க மேல ஒண்ணு கட்டினாங்களே, எங்க பொழப்பு என்ன பாடுபட்டுச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

"போயிடுங்க சார்ஜென்ட்."

"போறேன். எங்க லாக்கப்ல ஒரு ரூம் காலியா இருக்கு, வேணும்னா சொல்லுங்க."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையான பரிவோடு சொன்னார். கில்வாரியால் தாங்க முடியாமல் போனது அதுதான். பரணுக்கு ஏறினார். ஃபெஸ்டஸ் உதடு வெடித்துக் கிடந்தான்.

"செத்துத் தொலையப் போறியாடா?"

"அது உங்க தலைவலிண்ணே. சாகறது மட்டுந்தான் என் வேல."

கில்வாரிக்குப் பயம் வந்துவிட்டது. கதவைத் திறந்துவிட்டார். ஃபெஸ்டஸைத் தோளில் தூக்கிக்கொண்டு, பேண்டு முழங்க, ஊர்வலம் மாதா கோயிலைப் பார்த்துப் போனது.

காலியான கடைக்குள் ஆர்ம்ஸ்பி அம்மாள் நுழைந்தார்.

"மிஸ்டர் கில்வாரி, தீர்ப்பு என் பக்கம்தானே?"

"ஆமாங்க."

"மாடுங்க இன்னும் என் புல்லைத்தான் மேயுது. ராஜாகிட்ட போனேன், கதவு பூட்டியிருந்தது. உங்க கதவு திறந்திருந்ததேன்னு வந்தேன்."

சிறையில் ஆறு மாதம் இருந்தபோது வராத வெட்கம் கில்வாரிக்கு அப்போது வந்தது. விற்பனைக்கு வைத்திருந்த தடிகளில் ஒன்றை உருவிக்கொண்டு, ஊர்வலத்துக்கு எதிர்த்திசையில் நடந்தார். காளைகளை ஒவ்வொன்றாகத் துரத்தினார். கால்சட்டை முழங்கால்வரை சேறு. பிறகு சுவர்க் கல்லைத் தானே தூக்கி அடுக்கினார். ஆணி விற்பவர் கட்டும் சுவர் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நாளைக்கு மறுபடியும் இறக்கிவிடுவானே" என்றார் அம்மாள்.

"நாளைக்கும் வரேங்க."

மறுநாள் சந்தை. கடையில் நிற்க இடமில்லை. சுவரைத் தள்ளிவிட்டுக் காளைகள் மறுபடி இறங்கிவிட்டன என்று யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கில்வாரி தராசைக் கீழே வைத்தார். ஆணிக்குக் காத்திருந்தவர்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, சந்தைநாளில் கடையைப் பூட்டினார்.