ஏனோஸ் உட்கார்ந்த ஞாயிறு

வெள்ளைக்காரர்களின் அந்தக் கிறிஸ்தவக் கோயிலில் ஏனோஸ் டாலிவருக்குத் தெரியாத மூலை கிடையாது. பத்தொன்பது வருஷமாக அவர்தான் கோயில்பிள்ளை. பெருக்குவது, மணியடிப்பது, பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது, திருவிருந்து முடிந்ததும் கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவி அடுக்குவது எல்லாம் அவர் வேலை. சனிக்கிழமைதோறும் நாற்பது பெஞ்சுகளையும் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. ஆராதனை நடக்கும்போது, பாடகர்கள் அங்கி மாட்டும் அறையில் ஒரு ஸ்டூலில் இருப்பார், கதவை ஒரு சாண் திறந்துவைத்துக்கொண்டு. பிரசங்கம் அந்த ஒரு சாண் வழியாகத்தான் அவருக்கு வரும். அவர் கழுவிய கிண்ணத்தில் மிசிசிப்பி மாநிலத்துப் பெரிய மனிதர்கள் கூசாமல் திராட்சை ரசம் குடிப்பார்கள். கறுப்பரான அவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தீட்டு.

வேலையோடு ஒரு வீடும் உண்டு. கோயிலுக்குப் பின்னால், மூன்று அறை, கோயிலுக்குச் சொந்தம். அவர் மனைவி ஒடெஸ்ஸா அந்த வீட்டைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்வாள். மகள் வெர்லீன் பிறந்ததும் அங்கேதான். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் ஊருக்கு வந்தபோது, அவளோடு புத்தகங்களும் வந்தன, கறுப்பர்களின் சம உரிமைப் போராட்டமும் வந்தது.

வியாழக்கிழமை மிஸ்டர் ப்ரூயிட் அவரைத் தேடி வந்தார். மரக்கடை முதலாளி, கோயில் மூப்பர்களுக்குத் தலைவர், ஏனோஸைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

“ஏனோஸ், ஞாயித்துக்கிழமை உங்க ஆளுங்க நாலு பேர் வர்றாங்களாம். காலேஜ் பசங்க. நம்ம கோயிலுக்குள்ள வந்து உக்காரணுமாம்.”

“கேள்விப்பட்டேங்க ஐயா.”

“உன் பொண்ணும் வர்றா. அதையும் கேள்விப்பட்டியா?”

ஏனோஸ் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“நாங்க துரத்தினா பேப்பர்காரன் படம் பிடிப்பான். அதனால வாசல்ல நீ நில்லு. இடம் இல்ல, உங்க கோயிலுக்குப் போங்கன்னு நீயே சொல்லு. உன் வாயால சொன்னா அப்புறம் யார் என்ன பேச முடியும்?” ப்ரூயிட் போவதற்குத் திரும்பியவர் நின்றார். “வீடு நல்லாத்தான இருக்கு? மழைக்கு ஒழுகலையே?”

பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கூரையைப் பற்றி அவர் விசாரித்தது அதுவே முதல் தடவை. மிரட்டலை இவ்வளவு நயமாகச் சொல்லவும் ஒரு படிப்பு வேண்டும்.

அன்று சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைக் கேட்டதும் வெர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“சொல்லப் போறியாப்பா?”

“சொல்லலேன்னா நாம எங்க போய் நிக்கறது?”

“நான் அதைக் கேக்கல. சொல்லப் போறியா?”

“அடிச்சா வாங்கிக்கணும், துப்பினா தொடைச்சுக்கணும்னு உங்களுக்கு வகுப்பு எடுக்கறாங்களாமே. நான் அதை வகுப்பு இல்லாமலே ஐம்பது வருஷமா செய்யறேன். என்னை ஒருத்தனும் படம் பிடிக்கல.”

“நீ வாங்கிக்கிட்டு எழுந்து போயிடற. நாங்க வாங்கிக்கிட்டு அங்கயே இருப்போம். அதான்பா வித்தியாசம்.”

“சோள ரொட்டி ஆறுது,” என்றாள் ஒடெஸ்ஸா. “சாப்பிட்டுட்டு அடிச்சுக்குங்க.” தன் பக்கம் எது என்று அவள் சொல்லவில்லை. வெர்லீன் அதன்பிறகு அப்பாவிடம் பேசவே இல்லை.

ஞாயிறு காலை கோட்டுப் போட்டுக்கொண்டு ஏனோஸ் வாசலில் நின்றார். முதுகுக்குப் பின்னால் ப்ரூயிட். எதிர்ச்சாரியில் கேமராவோடு ஒருவன். நான்கு பிள்ளைகளும் பளிச்சென்று உடுத்தி, வேதாகமத்தோடு படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவள் வெர்லீன். வாசலில் யார் நின்றாலும் மரியாதையாகப் பேச வேண்டும் என்பது அவர்கள் பழகியிருந்த விதி. அவள் விதியை மீறவில்லை.

“வணக்கம் ஐயா. ஆராதனைக்கு வந்திருக்கோம்.”

பெற்ற அப்பனை அந்நியனாக்கிய வணக்கம். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். கோபமே இல்லை. வேதாகமத்தை மட்டும் நெஞ்சோடு இறுக்கி அணைத்திருந்தாள். பிள்ளை பயப்படுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. பயந்துகொண்டே நிற்கிறாள் என்பதும் தெரிந்தது.

“சொல்லு ஏனோஸ்,” என்றார் ப்ரூயிட்.

ஏனோஸ் பொய்யே சொல்லாத மகான் அல்ல. அந்த ஊரில் பொய் சொல்லாமல் எந்தக் கறுப்பனும் ஐம்பத்து மூன்று வயது வரை உயிரோடு இருந்ததில்லை. ஆனால் இந்தப் பொய் மட்டும் மீன்முள் போலத் தொண்டையில் நின்றுகொண்டது.

“இடம் இருக்கும்மா,” என்றார். “இடது பக்கம் பதினோரு பெஞ்சு காலியாக் கிடக்கு.”

ப்ரூயிட் அவர் கோட்டுக் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்தார். கதவை அறைந்து தாழ்போட்டார்.

“உன்னை அப்புறம் வச்சுக்கறேன். போ, உன் ஸ்டூல்ல போய்க் கிட.”

ஏனோஸ் ஸ்டூலுக்குத்தான் கிளம்பினார். வீரமும் இல்லை, கீரமும் இல்லை. கால்கள் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. அப்போது கதவுக்கு வெளியே பிள்ளைகள் ஜெபிக்கும் சத்தம் கேட்டது. படியிலேயே முழங்கால் போட்டுவிட்டார்கள். அதை அமுக்குவதற்காக ஆர்கன்காரி ஓங்கி வாசித்தாள். அதையும் தாண்டி ஒரு குரல் வந்தது, அவர் மகளின் குரல். முன்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில் ஏனோஸ் உட்கார்ந்துவிட்டார்.

அதே பெஞ்சின் மறுகோடியில், சபையின் வயதான வெள்ளைக்காரி லாக்கெட் அம்மாள் இருந்தார்.

“என்ன ஏனோஸ், ஜன்னல்ல ஏதாவது கோளாறா?”

“இல்லீங்கம்மா. ஆராதனைக்கு வந்தேன்.”

அந்தக் கிழவி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பெஞ்சில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது இடம் விட்டதா, பையைக் காப்பாற்றிக்கொண்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எழுந்து மட்டும் போகவில்லை.

போதகர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினார். ஆர்கனும் நின்றது. ப்ரூயிட் வேகமாக வந்தார்.

“எழுந்திரு.”

ஏனோஸ் முன்பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பிரசங்கம் முடியட்டுங்க ஐயா.”

“வீடு போயிடும்டா.”

“தெரியுங்க.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அது ஒடெஸ்ஸாவின் வீடு. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டார். மகளுக்காகச் செய்தேன், கர்த்தருக்காகச் செய்தேன் என்று என்ன சொன்னாலும் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? பிடியை மட்டும் அவர் விடவில்லை. வியர்வையில் கை வழுக்க, இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

வெளியே பிள்ளைகளைப் பிடிக்க வந்திருந்த போலீஸில் சின்ன வயசுக்காரன் ஒருவன் நோட்டோடு உள்ளே வந்தான்.

“அத்துமீறி உள்ள வந்தியா?”

“சாவி எங்கிட்டதாங்க இருக்கு.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். போலீஸ்காரன் ப்ரூயிட்டைப் பார்த்தான்.

“என்ன செஞ்சான்னு எழுதறது சார்?”

“உக்காந்தான்.”

“வேற?”

“உக்காந்தான்யா! அவ்வளவுதான்!” ப்ரூயிட் போட்ட கத்தல் கூரையில் மோதித் திரும்பியது. சபை முழுவதும் அதைக் கேட்டது. போலீஸ்காரன் கொஞ்ச நேரம் யோசித்து, ஆராதனைக்கு இடையூறு என்று எழுதிக்கொண்டான்.

போலீஸ் வண்டியில் பிள்ளைகள் நால்வரையும் ஏற்கெனவே ஏற்றியிருந்தார்கள். கைவிலங்கோடு அப்பா ஏறுவதை வெர்லீன் வாய் பிளந்து பார்த்தாள். எச்சிலுக்கும் தடிக்கும் போலீஸ் நாய்க்கும் அவளைப் பழக்கியிருந்தார்கள். இதற்கு யாரும் பழக்கவில்லை.

“அப்பா,” என்றாள். அடுத்து அவள் கேட்டது, “வீடு?”

“போச்சு. உங்கம்மாவை ஒரு வார்த்தை கேக்கல.” ஏனோஸின் குரல் உடைந்தது. “பத்தொன்பது வருஷம் அவ வச்சுக் காப்பாத்தின வீடு. கேக்காமயே செஞ்சுட்டேன்.”

வண்டி கோயிலைச் சுற்றிப் பின்சந்தில் திரும்பியது. அந்தத் தெருவில் செய்தி போலீஸ் வண்டியைவிட வேகமாகப் போகும். கம்பி வலை வழியே அவர்கள் வீடு தெரிந்தது. முன் ஜன்னலுக்கு உள்ளே ஒடெஸ்ஸா நாற்காலி போட்டு ஏறி நின்றிருந்தாள். தானே தைத்த திரையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கம்பிக்குப் பின்னால் இருந்த இரண்டு முகங்களையும் நன்றாகப் பார்த்தாள். கை அசைக்கவில்லை.

“அம்மா கோவமா இருக்காளாப்பா?”

“கோவம்னா தெருவுல வந்து வண்டியை மறிச்சிருப்பா.” ஏனோஸ் அழுதுகொண்டே சிரித்தார். “கோவம் இல்லம்மா. மூட்டை கட்டறா.”

வண்டி சந்துமுனை திரும்பும்வரை இருவரும் கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒடெஸ்ஸா நாற்காலியை நகர்த்திப் போட்டு, அடுத்த ஜன்னலின் திரையைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.