நெற்றி உயரத்தில் ஒரு நீலக்கோடு

வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று அந்தத் தெருவில் கேட்டால், வந்தது ஒரு வெள்ளமா ஒன்பது வெள்ளமா என்று சந்தேகம் வந்துவிடும். வீட்டை வாடகைக்கு விட நினைத்தவர்கள் கணுக்கால் என்றார்கள். நிவாரணத்துக்கு எழுதிப்போட்டவர்கள் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்கள். பெயர்ப்பலகை எழுதும் தங்கச்சி அத்தனையையும் நம்பினாள். தெரு மறந்துவிடக் கூடாது என்று, அவரவர் சொன்ன உயரத்தில் சுவருக்குச் சுவர் நீலக்கோடு இழுத்து, கீழே அடுக்கடுக்காக மீன்களும் வரைந்தாள்.

வெளியூர் வேலை முடிந்து வந்த அக்கா புருஷன், கொத்தனார், பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, தண்ணி என்ன ஆட்டுக்குட்டியா? ஒரு வீட்ல ஏறி அடுத்த வீட்ல குதிக்குது!"

"சிரிக்காதீங்க மாமா. எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லுங்க."

மாமா மட்டம் பார்க்கிற குழாயில் தண்ணீர் நிரப்பி எடுத்துவந்தார். முனைக்கடைச் சுவரில் வெள்ளத்தின் சேற்றுக்கறை அப்படியே இருந்தது. அங்கே ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையில் தண்ணீர் நின்ற மட்டத்தில் வீடு வீடாகப் புள்ளி வைத்தார்கள். தங்கச்சி பழையதை அழித்துவிட்டு, புள்ளியில் புதுக்கோடும் கீழே மீன்களும் வரைந்துகொண்டே வந்தாள். தெரு சரியச் சரிய, சுவரில் கோடு உயர்ந்துகொண்டே போனது. கடைசி வீட்டில் அது தங்கச்சியின் நெற்றிக்கு வந்து நின்றது.

கடைசி வீடு அக்கா நடத்தும் குழந்தைகள் காப்பகம். தண்ணீர் வடிந்த கையோடு அக்கா வெள்ளையடித்து, "முழங்கால்தான்" என்று பெற்றோர்களிடம் சொல்லியிருந்தாள்.

"அழிச்சிடு," என்றாள் அக்கா. "இதைப் பாத்தா நாளைக்கு ஒரு குழந்தை வராது. என் வயித்துல அடிக்காதடி."

"என்கிட்டயும் முழங்கால்னுதானேக்கா சொன்ன?"

தங்கச்சிக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதற்குள் வாண்டுகள் வெளியே ஓடிவந்து மீன்களோடு உயரம் பார்க்க ஆரம்பித்தன. இருப்பதிலேயே நெட்டையான பெண் கையைத் தூக்கி எம்பி எம்பிக் குதித்தாள். கோடு எட்டவில்லை.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அழிக்க வேணாம். காப்பகத்த மாடிக்கு மாத்திடலாம். பெத்தவங்ககிட்ட நானே உண்மையச் சொல்றேன்."

சொன்னாள். இரண்டு பேர் குழந்தையை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாயையும் தொட்டிலையும் தூக்கிக்கொண்டு படியேறினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் தெருவுக்குள் மறுபடி தண்ணீர் வந்தது. தங்கச்சி அடித்துப்பிடித்து ஓடிவந்தாள். மாடி ஜன்னலில் வாண்டுகள் முண்டியடித்துக்கொண்டு எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றன.

"மூணாவது மீனும் முங்கிடுச்சு!" என்று கத்தினாள் நெட்டைப் பெண்.

அவளுக்குப் பின்னால் அக்கா போனில் யாரோ ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் பதற்றமே இல்லை.

"மூணு மீன் முங்கியாச்சுங்க. குறைச்சுச் சொல்லலை. குழந்தை மேலதான் இருக்கா, மெதுவா வாங்க."