இரண்டாவது ஆறாம் மாதம்

அந்தச் சனிக்கிழமைக் காலை ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள்: குழுத் தலைவி ரூபிங். அறிக்கைக்குப் படம் போடுகிற போச்செங். கல்லூரியை விட்டு ஒரு வருடம் ஆகியும் பகலில் அங்கே வந்து தூங்குகிற நான். மூலையில், மூச்சு வாங்கும் பழைய சர்வர். அதன் தலைமேல் ஒரு பச்சைப் பொட்டலம்.

பொட்டலத்தில் இருப்பது சோளத்தில் செய்த நொறுக்குத் தீனி. அதன் பெயருக்குச் சமர்த்தாய் இரு என்று பொருள். எங்கள் ஊரில் இதை மேலே வைக்காமல் யாரும் ஒரு சர்வரை நம்ப மாட்டார்கள். பச்சை உறைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. தேதி முடிவதற்குள் புதிது வைத்துவிட வேண்டும். அது என் பொறுப்பு. இருபத்துநான்கு மணி நேரக் கடையில் இரவு வேலை பார்ப்பவன் நான்தானே.

மூன்றாம் ஆண்டில் தரவுக் கிடங்குப் பாடத்தில் இரண்டாவது முறையும் தோற்றேன். அதோடு நின்றுவிட்டேன். வறுமை, நோய் என்று சொல்ல எதுவும் இல்லை. படிக்கவில்லை, அவ்வளவுதான். வாடகை அறைக்குக் கூரை தகரம். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க நின்றுவிட்டு வருபவனுக்கு அங்கே பகலில் தூக்கம் வராது. வராத தூக்கம் மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கல்லாவில் நின்றபடி ஒரு வாடிக்கையாளரிடம் காரணமே இல்லாமல் கத்தியிருக்கிறேன். இது எப்படியோ ரூபிங்கின் காதுக்குப் போனது. அவள் ஒரு நாள் கடைக்கு வந்து தேநீரில் வேகவைத்த முட்டை இரண்டு வாங்கினாள். காசோடு சேர்த்து ஆய்வுக்கூடத்தின் சாவி ஒன்றையும் கல்லாவில் வைத்துவிட்டுப் போனாள். சர்வருக்காக அந்த அறையில் குளிரூட்டி எப்போதும் ஓடும், திரை எப்போதும் மூடியிருக்கும். மேசைக்கடியில் மடக்குக் கட்டில் ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். ஒரு வருடம் நான் மனிதனாக இருந்தது அந்தக் கட்டிலால்தான்.

அன்று பத்து மணிக்கு அவர்களுடைய இறுதியாண்டுத் திட்டத்தின் மதிப்பாய்வு. லோ முதலாளியம்மாவின் படையல் பிஸ்கட் கம்பெனிக்கு ஒரு தரவுக் கிடங்கு கட்டியிருந்தார்கள். ஆர்டர், இருப்பு, கணக்கு என்று தனித்தனியாகக் கிடந்த விவரங்களை ஓரிடத்தில் சேர்த்து, எந்த மாதம் எது எவ்வளவு போகிறது என்று சொல்லும் வேலை. முதலாளியம்மாவே வந்து நடுவர்களோடு உட்காரப் போகிறார். தேறாவிட்டால் இன்னொரு வருடம். ரூபிங்குக்கு ஷின்ச்சூவில் கிடைத்திருந்த வேலை ஒரு வருடம் காத்திருக்காது.

நான் வேலை முடிந்து, வழக்கம்போல் முட்டைச் சுருளும் சோயாப் பாலும் வாங்கி வந்து, என் சாவியால் அறையைத் திறந்துவிட்டிருந்தேன். போச்செங் பையைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"இன்னைக்குமாடா முட்டை? ராப்பேயே, இன்னைக்கு எங்களுக்குத் தூக்கு நாள். கடைசிச் சாப்பாடாவது நல்லதா வாங்கிட்டு வரக்கூடாதா?"

"தின்னுட்டுத் தொங்கு."

"கோடையில ஒரு தடவ கொண்டு வந்தியே, பன்னிக்கால் போட்ட சேமியா. அது சாப்பாடு."

"அது எங்கக்கா எங்கம்மாவுக்குக் கொண்டு வந்தது. கட்டிக்கொடுத்த பொண்ணு கொடுக்கணும்ல, அதிக மாசம் வந்தா. அம்மாவால அவ்வளவும் தின்ன முடியல, அதான் உனக்குக் கிடைச்சுது."

ரூபிங் மெல்வதை நிறுத்தினாள். கன்னம் உப்பியபடியே திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சோயாப் பால் குவளையை மிக மெதுவாக, உடைந்துவிடும் பொருளை வைப்பதுபோல, கீழே வைத்தாள்.

"அதிக மாசம்," என்றாள். "இந்த வருஷம் ஆறாம் மாசம் ரெண்டு தடவ வந்துச்சு."

போச்செங்குக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. 

சாமிக்குப் படைக்கிற இந்த பிஸ்கட் விற்பது சந்திர மாதத்தை ஒட்டி. சந்திர வருடம் பின்தங்கிப் போகாமல் இருக்க, சில வருடங்களில் ஒரு மாதம் இரண்டு முறை வரும்; அதுதான் அதிக மாதம். ஒன்றாம் தேதி, பதினைந்தாம் தேதி என்று ஒவ்வொரு கடைக்கும் நிலையான ஆர்டர். மாதா மாதம் அதே சரக்கு, அதே அளவு. முதலாளியம்மாவின் பழைய கணினி சந்திரத் தேதியைத்தான் எழுதும். அது அதிக மாதமா இல்லையா என்று சொல்ல அட்டவணையில் ஒரு தனிப் பத்தி இருந்தது. ரூபிங் பார்த்த ஆயிரக்கணக்கான வரிகளில் அது காலியாகவே கிடந்ததால் தேவையில்லை என்று நீக்கியிருந்தாள். அங்கே குமாஸ்தா ஒரே ஆர்டரை இரண்டு முறை பதிவு செய்வது வழக்கம். அதற்காக, கடையும் தேதியும் சரக்கும் அளவும் ஒன்றாக இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் விதி ஒன்றும் போட்டிருந்தாள். கிடங்கில் தரவு சுத்தமாக ஏறியது. இரண்டாவது ஆறாம் மாதம் முழுவதும், இரட்டைப் பதிவு என்று கழிக்கப்பட்டிருந்தது.

மூன்று பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். மூன்று பேரும் அந்தப் பன்றிக்காலைத் தின்றவர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அப்போ நடுக்கோடையில விற்பனை விழுந்துச்சே..." என்றான் போச்செங். அவன் குரல் தேய்ந்துபோனது. "நான் அதுக்குப் புயல்தான் காரணம்னு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கேன். புயல் படம்கூட சுத்தற மாதிரி போட்டிருக்கேன்."

"அந்தப் பக்கத்த எடு."

"தலைவி, கொஞ்சம் யோசி. வாத்தியாருங்க சந்திரக் காலண்டரைப் பார்த்துக்கிட்டா மார்க் போடறாங்க? சுத்தற புயலைப் பார்த்தா போட்டுட்டுப் போறாங்க. பேசாம போயிடலாம்."

"முதலாளியம்மா பார்ப்பாங்க. அந்த மாசம் பூரா அவங்களும் உக்காந்து பொட்டலம் கட்டியிருக்காங்க. கோடையில வியாபாரம் கம்மி, ஆளைக் குறைங்கன்னு நாம கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கோம். அவங்க நிஜமாவே குறைச்சிடுவாங்கடா. கம்ப்யூட்டர் சொன்னா சரின்னு நம்பற ஆளு."

போச்செங் சர்வரைப் பார்த்தான், பச்சைப் பொட்டலத்தைப் பார்த்தான். எழுந்துபோய் அதைப் புரட்டித் தேதியைப் படித்தான். "காலாவதி ஆகலையே," என்றான் பரிதாபமாக.

நல்லவேளை, முதலாளியம்மா கொடுத்த மூலத் தரவைக் கைபடாமல் தனியே வைத்திருந்தார்கள். வந்ததை வந்தபடியே ஒரு படி வைக்க வேண்டும் என்பது அந்தப் பாடத்தில் முதல் வாரம் சொல்லித் தருவது. நான் இருந்து கேட்டது அநேகமாக அந்த ஒரு வாரம்தான். ரூபிங் நீக்கிய பத்தியை மறுபடி சேர்த்து, விதியைத் திருத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினாள்.  மூலத்தில் இருந்த சில கடைகளை நான் உரக்கப் படித்தேன். போச்செங் திரையில் சரிபார்த்தான். "ஃபெங்யுவான் கடை, அதிக ஆறாம் மாசம், ஒண்ணாந்தேதி." "இருக்கு." "பதினைஞ்சு." "இருக்குடா, இருக்கு!" தொலைந்த மாதம் கடை கடையாகத் திரும்பி வந்தது. நெடுநாளைக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை, அதைப் பற்றி வருத்தமும் வரவில்லை.

கிளம்ப வேண்டிய நேரம் வந்தபோது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஏறியிருந்தது. மேல்மாடி அரங்கிலிருந்து மடிக்கணினி வழியாக இதே சர்வரைத்தான் திறந்து காட்டுவார்கள். அவர்கள் பேசி முன்னுரையைக் கடப்பதற்குள் இது முடிய வேண்டும். முடியலாம், முடியாமலும் போகலாம்.

"நீ இங்கயே இரு," என்றாள் ரூபிங். "சனிக்கிழமை கூட்டற அம்மா வருவாங்க. போன மாசம் தூசி உறிஞ்சறதுக்காக இந்தச் சர்வரோட பிளக்கைத்தான் பிடுங்கினாங்க."

"நான் மாணவன் இல்ல. ஆய்வுக்கூட உதவியாளர் பார்த்தா வெளிய தள்ளிடுவாரு."

"அதனாலதான் வெளிய பூட்டப் போறேன். என் சாவி வீட்டுல இருக்கு. உன்னோடத கொடு."

சாவியை வளையத்திலிருந்து கழற்றினேன். மதிப்பாய்வு முடிந்தால் அறை அடுத்த வருடத்துக் குழுவுக்குப் போய்விடும். திரும்பி வராது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"ஒண்ணுக்கு வந்தா?"

"சோயாப் பால் குவளை இருக்கு பார்," என்றான் போச்செங், கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டே. "டேய், அறிக்கையில நன்றிப் பக்கத்துல உன் பேரும் இருக்கு. முதலாளியம்மாவுக்கு அடுத்து, பச்சைப் பொட்டலத்துக்கு முந்தி."

"பொட்டலத்த முந்திப் போட்டிருக்கணும். அது ஃபெயிலானதில்ல."

ரூபிங் சிரிக்கவில்லை. சாவியை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "கட்டிலை மடிச்சிடாத," என்றாள். "முடிஞ்சதும் வந்து எழுப்பறேன்."

"தூங்கினாத்தானே எழுப்பறதுக்கு."

போச்செங் நடையில் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தான். அவள் திரையை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், வெளியே போனாள். நான் பச்சைப் பொட்டலத்தை நேராக்கி வைத்தேன். திரையில் எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு ஒரு மயிரிழை நகர்ந்தது. அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே பூட்டு விழுந்தது.