சாத்தந்தாங்கல் ஏரியின் கைரேகை

ஏரிகள் ஆண்டுக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்துக்கு நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதற்குக் கைரேகை வைக்க வேண்டும். வைக்காத ஏரியை அரசின் நீர்வளத் தளம் 'வறண்டது' என்று ஊரறியக் காட்டும். தளத்தில் வறண்ட ஏரிக்கு மதகு திறக்கக் கூடாது.

சாத்தந்தாங்கல் ஏரி இந்த வருஷம் கரை தொட்டு நிரம்பியிருந்தும், கைரேகை வைக்கச் சோம்பல்பட்டுக் கிடந்தது. மதகுக்குப் பொறுப்பு எத்திராஜ். அவருடைய முக்கால் ஏக்கர் நெல், கதிர் வாங்கும் நேரத்தில் ஒரு தண்ணிக்கு ஏங்கி நின்றது. இன்னும் ஐந்து நாள் விட்டால் பதர்தான். ஏரியைத் திட்டி, கெஞ்சி, ஒன்பது மணி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். மீன்களுக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள்.

தாலுகா அலுவலகத்தில் கணினி முன்னால் இருந்த ஷாகிதா மூன்று தடவை முயன்றாள்.

"ரேகை சேரலீங்க ஐயா. பஞ்சத்துல எடுத்த பதிவு. அப்போ தரையெல்லாம் வெடிச்சிருந்துச்சு. அந்த வெடிப்புதான் இதோட ரேகை."

"இப்ப மேல தண்ணி நிக்குதேம்மா."

"கையைக் காய வெச்சிட்டு வரச் சொல்லுங்க."

எத்திராஜுக்கு நியாயமாகத்தான் பட்டது. ஏரி தன் தண்ணீரையெல்லாம் வராந்தா பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டு வெயிலில் போய் நின்றது. மூன்று மணிக்கு நன்றாக வெடித்து வந்தது. ரேகை உடனே சேர்ந்தது. தளத்தில் சாத்தந்தாங்கல் நீலமானது: நீர் இருப்பு நூறு சதவீதம். பெற்ற பிள்ளை பாஸானதுபோல் எத்திராஜுக்குப் பெருமை தாங்கவில்லை.

தண்ணீரைத் திரும்ப ஏற்றப் போனபோது ஷாகிதா தடுத்தாள்.

"ஏரி ரொம்பியிருக்கு ஐயா. இதுக்கு மேல ஊத்தினா உடைஞ்சிடும்."

"அப்ப இந்தத் தண்ணி?"

"வேற முகவரி இருந்தா குடுங்க. அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவோம்."

தேடிப்போன மருந்துக்கொடி காலில் அகப்பட்டால் யார் விடுவார்? எத்திராஜ் தன் வயலின் சர்வே எண்ணை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் விடியும்போது ஏரித் தண்ணீர் முழுவதும் அந்த முக்கால் ஏக்கருக்குள், வரப்பு மீறாமல், பனை உயரத்துக்கு நின்றது. உள்ளே நெல் பச்சைப்பசேலென்று கதிர் வாங்கியிருந்தது. எத்திராஜ் வரப்பில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

நான்காம் நாள் தளத்தில் அந்த வயல் ஏரியாக ஏறியது. ஐந்தாம் நாள் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. ஏரிக்குள் நிற்பது நெல் என்பதால் நெல்லின் பேருக்கே வந்தது. பதினைந்து நாளில் நீர்நிலையைக் காலி செய்ய வேண்டும். அறுப்புக்கோ இன்னும் இருபத்தைந்து நாள். எத்திராஜ் கண்ணாடி போட்டுக்கொண்டு, நோட்டீஸை நெல்லுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

"நீ பாட்டுக்குக் கெளம்பிடாத. நான் கோர்ட்டுக்குப் போறேன்" என்றார்.

நெல் சட்டத்துக்குப் பயந்த சாதி. நோட்டீஸ் கெடுவின் பதினான்காம் நாள் காலை, வேரை மண்ணோடு சுருட்டி எடுத்துக்கொண்டு, நட்ட வரிசை கலையாமல் வரப்பேறியது. எத்திராஜ் முன்னால் ஓடி, வயலை ஒட்டிய நெடுஞ்சாலையின் குறுக்கே கையை நீட்டி லாரிகளை நிறுத்தினார். நெல் முழுவதும் அந்தப் பக்கம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.